என் மாமியார் அடித்த உடும்பு

கொல்லைப் பக்கத்திலிருந்து முதலில் கோழிகளின் கூச்சல் கேட்டது. அடுத்து, மண்வெட்டி எதன்மீதோ தட்டையாக விழுந்த சத்தம். மண்ணில் விழுந்திருந்தால் அது வேறு மாதிரி இருந்திருக்கும். கையிலிருந்த கரண்டியோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மாமியார் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்வெட்டியை இரண்டாம் முறை ஓங்கியபடி நின்றிருந்தார். காலடியில் ஓர் உடும்பு. ஒரு கை நீளத்துக்கு மேல் இருக்கும். முன்னங்கால்களால் மண்ணைப் பிறாண்டி வேலியை நோக்கி நகரப் பார்த்தது. இடுப்புக்குக் கீழே உடம்பு அசையவில்லை, பின்னால் இழுபட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது அடியின் சத்தம் வரவேயில்லை. கண்ணைத் திறந்தபோது மண்வெட்டி வேலியோரம் கிடந்தது. மாமியார் உடும்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அய்யோ பாவி" என்றார். உடும்பைச் சொன்னாரா, தன்னைச் சொல்லிக்கொண்டாரா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிய கடைசித் தெருவில் எங்கள் வீடு. மானாம்பதியிலிருந்து அங்கே மருமகளாகப் போய் எனக்கு அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் கணவர் சிறுவனாக இருந்தபோதே மாமனார் இறந்துவிட்டார். ஊரார் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும்தான் மாமியார் மகனை வளர்த்தார். மகன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்விட, பகலில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பேச்சு என்பது எவ்வளவு அரிசி போடுவது என்பதோடு முடிந்துவிடும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தாமே' என்பார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு என் தட்டில்தான் விழும். போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார், அவ்வளவுதான். அந்த அன்பை அன்பு என்று கண்டுபிடிக்க எனக்கு வயது போதவில்லை.

அந்த வருடம் ஆனி மாதத்தில், என் வயிற்றிலிருந்த பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. தெருக்குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. வயல் மோட்டாரிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு பக்கெட்டுமாகத் தண்ணீர் கொண்டு வந்தேன். அன்று சாயங்காலம் வலி எடுத்தது. பிள்ளையின் வளர்ச்சியே சரியில்லை, தண்ணீர் தூக்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் டாக்டர் சொல்வதை மாத்திரை விஷயத்தில் நம்புவார்கள், இதில் நம்ப மாட்டார்கள். மாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். வார்டுக்குள் வரவில்லை. வராந்தாவிலேயே நின்று, ரசஞ்சோறு கட்டிய டிபன் பாக்ஸை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாராம். நான் வீட்டுக்கு வந்ததும், "குளிச்சிட்டு வா, சோறு ஆறுது" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே நான் அவர்மேல் கோபத்தை வளர்த்தேன்.

உடும்பு வந்தது அதற்குப் பிறகு, ஆவணியில். முட்டை திருட வந்ததால் அடித்தார் என்றுதான் நினைத்தேன். அடித்தவரே அதை ஈரச் சாக்கில் சுருட்டித் தூக்கிவந்து, முருங்கை மரத்து நிழலில், கோழிகளை மூடிவைக்கும் பஞ்சாரத்துக்குள் விட்டார். காயத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசினார். அது தொண்டையை உப்பவைத்துக்கொண்டு சீறியது. "சீறு, நல்லா சீறு. அடிச்சவள சீறாம வேற யார சீறுவ?" என்று அதனோடு பேசினார். என்னோடு அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

வேலை முடிந்து வந்த என் கணவர் பதறிப்போனார். "மா, இத்த வூட்ல வெச்சிக்கினு கீறது தப்பு. கேஸு ஆயிடும்."

"அடிச்சவ நானு. எம்மேல போடட்டும்."

மறுநாள், பக்கத்துத் தெருவில் மாடு பார்க்க வந்த கால்நடை டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார் என் கணவர். நல்ல மனிதர். காயத்தைச் சுத்தம் செய்து ஊசி போட்டார். முதுகெலும்பு அடிபட்டிருக்கிறது, பின்னங்கால்கள் திரும்ப வருவது கடினம் என்றார். வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, முட்டைகள் இருக்கின்றன, இட்டுவிட்டால் பிழைக்க ஒரு வழி உண்டு என்றார். "வனத்துறைக்கு நான் தகவல் சொல்லிடறேன். இப்ப இத வண்டியில ஏத்திக் குலுக்கினா தாங்காது. கொஞ்சம் தேறட்டும். கீழ மணல் கொட்டி வையுங்க. முட்டை விட்டா புரட்டிடாதீங்க, மேல்பக்கம் மேலேயே இருக்கணும்" என்றார். மாமியார் இவ்வளவையும் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டு நின்றார். டாக்டர் போனதும் கூடையை எடுத்துக்கொண்டு செய்யாற்றுக்கு மணல் அள்ளப் போனார்.

காலையில் கோழிமுட்டையை அடித்துக் கலக்கி, ஸ்பூனால் அதன் வாயோரம் ஊற்றுவார். பாதி உள்ளே போகும், பாதி மணலில் வழியும். வாய்க்கால் வரப்பில் நத்தை பொறுக்கி வந்து, ஓட்டை உடைத்துப் போடுவார். நாக்கு மட்டும் நீலக் கயிறுபோல் வெளியே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். சில நாள் தின்னும், சில நாள் தின்னாது. தின்னாத நாளில் அவரும் சரியாகச் சாப்பிட மாட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவோடு திரும்பிப்போன மனுஷி, ஓர் உடும்பின் தலைமாட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார். கொல்லைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

ஆனாலும் துணி உலர்த்தப் போகவேண்டியிருந்தது. அப்படி ஒரு நாள் கொடியில் புடவையை விரித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அண்ணன் வந்தார். ஏரியில் மீன் பிடிப்பவர். கையில் துணி சுற்றிய கத்தி இருந்தது. புடவைக்குப் பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

"இன்னாக்கா, இன்னும் உசுரோட வெச்சிக்கினு கீற? மருமவளுக்கு சூப்பு வெச்சிக் குடுக்கணும், உடும்பு எங்க கெடைக்கும்னு நீதான கேட்ட? ஒன் கொல்லைக்கே வருது, அடிச்சிப்புடுன்னு நான்தான சொன்னேன்? இடுப்புக்கு அவ்ளோ பலம்கா. அடுத்தது நிக்கும்."

"வாணாம். நீ போ."

"அப்ப எனுக்காச்சும் குடு."

"வயித்துல முட்டையோட கீதுடா. இத்த துன்னு அவளுக்கு இன்னா பொறக்கும்?"

அண்ணன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஈரப் புடவையைப் பிடித்தபடியே நின்றேன். மண்வெட்டியை ஓங்கியது கோழிமுட்டைக்காக இல்லை, எனக்காக. அது தெரிந்ததும் கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். எனக்காக இதைச் செய்யத் தெரிந்தவருக்கு, என் பக்கத்தில் வந்து உட்காரத் தெரியவில்லையே என்று இன்னும் கூடுதலாகத்தான் வலித்தது.

சில நாள் கழித்து ஒரு காலையில் "இந்தாமே, இங்க வா" என்று கூப்பிட்டார். உடும்பு மணலைக் கொஞ்சம்போலத் தோண்டி முட்டை இட்டிருந்தது. பத்துக்கு மேல் இருக்கும். கோழிமுட்டையைவிடச் சிறியவை, நீள வாக்கில், ஓடு இல்லாமல் தோல் போர்த்தியதுபோல் வெள்ளையாக இருந்தன. மாமியார் முகத்தில் அன்று பார்த்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உடும்பு தலையை மணலில் வைத்துக் கிடந்தது. ஸ்பூனில் கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது. அவர் அழவில்லை. "பெத்துட்டுப் போய்ட்டா" என்று மட்டும் சொன்னார். மகனை நெருங்கவிடாமல், அதே மண்வெட்டியால் தானே வேலியோரம் குழி வெட்டிப் புதைத்தார்.

டாக்டர் சொன்னதை நினைவில் வைத்து, ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் அடுப்புக்கரியால் ஒரு புள்ளி வைத்தார். முறத்தில் மணல் பரப்பி, புள்ளி மேலே தெரிய அடுக்கி, வயலோரப் பனைமரத்தடியில் இருந்த கரையான் புற்றுக்குக் கொண்டுபோனார். உடும்பு புற்றில்தான் முட்டை வைக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பால் ஊற்றிக் கும்பிடுகிற புற்றல்ல அது, யாரும் சீந்தாத புற்று. பக்கவாட்டில் துளை போட்டு, முட்டைகளை உள்ளே வைத்து, ஈர மண்ணால் மூடினார். பொரிக்க ஆறேழு மாதம் ஆகலாம் என்று டாக்டர் என் கணவரிடம் சொல்லியிருந்தார். நடவுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவது மாமியாருக்கு வழக்கமாயிற்று.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வயல்களில் இறங்கியது. மதியம் சோறு போட்டு வைத்துவிட்டுத் தேடினால் அவரைக் காணோம். எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். குடையை எடுத்துக்கொண்டு போனேன். புற்றின் மேல் உரச் சாக்கைப் போர்த்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, சேற்றுக் கட்டிகளை வெட்டி எடுத்துப் புற்றைச் சுற்றிக் கரை கட்டிக்கொண்டிருந்தார்.

"அத்த, வூட்டுக்கு வாங்க! ஜன்னி வந்துடும்!"

"நீ போ. நீ நனையக் கூடாது."

எத்தனை நாளாக அடக்கிவைத்திருந்தேனோ, அந்த மழையில் வெளியே வந்துவிட்டது. "செத்துப்போன உடும்போட முட்டைக்கு இந்தப் பாடு படறீங்களே, என் புள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வுட்டீங்களா?"

அவர் நிமிரவில்லை. கையிலிருந்த கட்டியை வைத்து, மேலே இன்னொன்றை வைத்து அழுத்தினார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அன்னிக்கி நீ கொடத்த தூக்கிக்கினு வந்தப்போ நான் வாசல்லதான் குந்திக்கினு இருந்தேன். பாத்துக்கினேதான் இருந்தேன். எழுந்து வந்து வாங்கியிருக்கணும். வாங்கல. அத்த எப்டிமே உங்கிட்ட வந்து சொல்லுவேன்? ஆஸ்பத்திரி வரிக்கும் வந்தேன். உள்ள வர கால் வரல."

"அதனால இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க அத்த."

"அவங்க சொல்லுவாங்க."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் குடையை மடக்கி வரப்பில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். மேட்டுப் பக்கத்திலிருந்து மண்கட்டிகளைத் தூக்கிவர ஆரம்பித்தேன். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி நான் நாலு அடி வைப்பதற்குள் அவர் எதிரே வந்துவிடுவார். என் கையிலிருந்த ஒவ்வொரு கட்டியையும் பாதி வழியிலேயே வாங்கிக்கொண்டார்.

அந்தக் கரை நிற்கவில்லை. அதற்கும் பெரிய மழை வந்தது. மார்கழியில் தண்ணீர் வடிந்த பிறகு நானும் என் கணவரும் போய்ப் பார்த்தோம். புற்றின் ஒரு பக்கம் சரிந்து உள்ளே விழுந்திருந்தது. என் கணவர் கையால் மண்ணை விலக்கினார். முட்டைகள் சுருங்கி, பழுப்பேறி, நாற்றமெடுத்துக் கிடந்தன. சிலவற்றில் கரிப்புள்ளி அழியாமலே இருந்தது. திரும்ப மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். பங்குனியில் மாமியார் தானே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஓட்ட ஓட்டையா கீது. வெளிய போய்ட்டிருக்கும்" என்றார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

அதன் பிறகும் அவர் என்னை 'இந்தாமே' என்றுதான் கூப்பிட்டார். ஆனால் குடத்தோடு நான் தெருமுனை திரும்பினால் எங்கிருந்தாலும் எழுந்து வந்துவிடுவார். எனக்கு அடுத்ததும் தங்கவில்லை. அப்போது அவர் வார்டுக்குள் வந்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நர்ஸம்மா வந்து எழுந்திருக்கச் சொல்லும்வரை விடவில்லை. பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை என்று ஆகிவிட்டது. அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளாத ஒரு வீடாக அது அமைந்துபோனது. அதில் ஓர் அமைதியும் இருந்தது. இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிட்டது. பனைமரம் இருந்த வயலை மட்டம் செய்து கல் நட்டுப் பிளாட் போட்டிருக்கிறார்கள். கொல்லைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஏதோ ஊர்ந்து போனதுபோல் ஒரு கணம் நின்று பார்க்கிறேன். பெரும்பாலும் அணில்தான்.

மாமியார் போன வருடம் இறந்தார். மூச்சு வாங்கும் நோய். கடைசிச் சில வாரங்கள் படுக்கையில்தான். ஒரு பகலில் வெந்நீரில் துண்டை நனைத்து அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"அந்த முட்டைங்க பொரிச்சிருக்கும் இல்ல?"

"பொரிச்சிருக்கும் அத்த. எல்லாம் பொரிச்சி ஏரிக்கரைப் பக்கம் போயிருக்கும்."

"பொய்யி சொல்ற" என்றார். அதில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு இரைத்தது. நான் துண்டைப் பிழிந்தபடி காத்திருந்தேன்.

"பரவால்ல. இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.