மீட்டர் லைசானி

"மொதல்ல கதையச் சொல்லு" என்று, பானெட்டைத் தூக்கப்போன வண்டிக்காரரை லைசானி கையமர்த்துகிறாள். வண்டி எப்போது படுத்தது, எங்கே படுத்தது, படுப்பதற்கு முன் கடைசியாக எதைத் தொட்டார் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே மோதிரத்தைக் கழற்றிக் கால்விரலில் மெட்டி மாதிரி மாட்டிக்கொள்கிறாள். பேட்டரி முனையில் தங்கம் பட்டால் விரல் வெந்துவிடும். சட்டைப்பையில் போட்டால் மோதிரம் தொலைந்துவிடும். இரண்டும் அவளுக்குத் தலா ஒரு முறை நடந்திருக்கிறது.

தவுவா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சந்தையின் பின்சுவரை ஒட்டி, வண்டிகளின் மின்சாரக் கோளாறு பார்க்கும் அவள் கடை. ஐம்பத்து மூன்று வயது. தலையில் ஒரு கண்ணாடி, கழுத்துக் கயிற்றில் இன்னொன்று. இரண்டையும் மறந்து மேஜையில் துழாவுவாள். ஊருக்கு அவள் மீட்டர் லைசானி. மகன் குழந்தையாக இருந்தபோது போட்ட கம்பளிக் காலுறைதான் மின்சாரம் அளக்கும் அந்த மீட்டருக்கு உறை. மகன் இப்போது தலைநகர் சுவாவில் போலீஸ்காரன்.

பேட்டரியைப் பற்றிப் பேசும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாளோ என்று தோன்றும். வண்டி நிற்கையில் மீட்டர் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், "வயிறு ரொம்பிருக்கு" என்பாள். ஓடும்போது பதினாலைத் தாண்டினால் டைனமோ ஒழுங்காக ஊட்டுகிறது. தாண்டாவிட்டால் கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்ப்பாள், முனைகளில் பூத்த வெள்ளை உப்பின் மேல் வெந்நீர் ஊற்றுவாள், எர்த் கம்பியைத் தடவிக்கொண்டே போவாள். பாதி வண்டிகள் வெந்நீரிலேயே எழுந்துவிடும். புது பேட்டரி வாங்கும் முடிவோடு வந்தவர்கள் ஏமாந்த முகத்தோடு திரும்புவார்கள்.

வண்டி இருக்குமிடத்துக்கு அவள் போகமாட்டாள். கட்டி இழுத்தாவது கடைக்குக் கொண்டுவர வேண்டும். "கண்ட எடத்துல பாத்தா கண்டபடிதான் தெரியும்" என்பாள்.

அந்த வழக்கத்தைக் குலைத்தது டாக்ஸிக்காரர் தோர்சாமியின் வண்டி.

தோர்சாமி திங்கள், புதன், வெள்ளி விடிகாலையில் மூன்று பேரை டயாலிசிஸுக்கு லவுடோகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர். அந்த மூவரில் ஒருவர் லைசானியின் தாய்மாமன் மோசேசே, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதத்தில் நாலு முறை காலையில் வண்டி செல்ஃப் எடுக்காமல் கிடந்தது. தோர்சாமி இரண்டு பேட்டரி மாற்றிவிட்டார். மூன்றாவது வாங்குவதற்கு முன்னால் லைசானியிடம் வந்தார். அவள் ஒரு மணி நேரம் பார்த்தாள். வயிறு நிறைந்திருந்தது. டைனமோ ஊட்டியது. வண்டியை அணைத்துப் பூட்டிவிட்டு எங்காவது மின்சாரம் கசிகிறதா என்று பார்த்தாள், மீட்டர் அசையவில்லை.

"ஒண்ணுமில்லண்ணே. நிம்மதியாப் போய்ட்டு வா."

அடுத்த புதன்கிழமை விடிகாலையில் வண்டி படுத்தேவிட்டது. அந்த நேரத்துக்கு வேறு வண்டி கிடைக்கவில்லை. மூன்று பேருக்கும் மறுநாள்தான் இடம் கொடுத்தார்கள். அதற்குள் மோசேசேயின் கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, இரவெல்லாம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். வியாழன் சாயங்காலம் லைசானி பார்க்கப் போனபோது அவர் கோபிக்கவில்லை. கேலிதான் செய்தார்.

"நான் போய்ச் சேர்ந்தா ஒம் மீட்டரு முள்ளு கொஞ்சமாவது அசையுமாடி?"

அவள் கொண்டுபோன ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் வைத்தாள். தவறு தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கே தவறினோம் என்பதுதான் தெரியவில்லை. மீட்டர் சொன்னதைத்தான் அவளும் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பகலில் கடையைப் பூட்டினாள். சந்தைப் பெண்கள் யார் வீட்டில் சாவு என்று கேட்டார்கள். காலுறையோடு மீட்டரைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, கரும்புக்காட்டுக்கு நடுவே மேட்டில் இருக்கும் தோர்சாமி வீட்டில் போய் இறங்கினாள். தோர்சாமியின் மனைவி சரோஜ் டீயும் பஜியாவும் கொடுத்து, இந்தச் சனியனை விற்றுத் தொலைக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டாள். லைசானி நாலு பஜியா தின்றாள். தோர்சாமி வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

லவுடோகாவிலிருந்து திரும்பிய அவர் தினமும் செய்கிறதையே செய்தார். காலையில் நேரே கிளம்புவதற்கு வசதியாக வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மேடேற்றி, கொட்டகையின் தகரச் சுவரை ஒட்டி நிறுத்தினார். சரிவு என்பதால் பிரேக்கை ஓங்கி மிதித்து, கைப்பிரேக்கை இழுத்து, இறங்கிப் பூட்டினார்.

"இப்பப் பாக்கலாமா?" என்றார்.

லைசானி மீட்டரை மாட்டினாள். நாலு ஆம்பியர். மீட்டரைத் தட்டிப் பார்த்தாள், அதே நாலு. பூட்டிய வண்டி யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒன்பதாவதைப் பிடுங்கியதும் மீட்டர் இறங்கியது. அதைத் திரும்பச் செருகிவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு வண்டிக்கும் தகரத்துக்கும் நடுவே நுழைந்தாள். துருப்பிடித்த தகரத்தில் இரண்டு சிவப்பு வட்டங்கள் விழுந்திருந்தன.

"அண்ணே, பிரேக் லைட்டு எரியுது."

தோர்சாமி நம்பவில்லை. அவரும் நுழைந்து பார்த்தார். முன்பக்கம் வீட்டைப் பார்க்க, பின்பக்கம் தகரத்தைப் பார்க்க நின்ற வண்டி. விடிய விடிய எரிந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

லைசானி ஓட்டுநர் பக்கம் தரையில் மண்டியிட்டாள். கால்விரிப்பில் நீல நிறத்தில் பிளாஸ்டிக் பொடி உதிர்ந்து கிடந்தது. பேரன் தின்ற கலர் பிஸ்கட்டின் தூளென்று நினைத்துத் தான் இரண்டு மாதமாக அதைக் கூட்டித் தள்ளுவதாக சரோஜ் சொன்னாள். அது பிஸ்கட் அல்ல. பிரேக் மிதியின் தண்டில் ஓர் ஓட்டை, அதில் கட்டைவிரல் நகமளவு பிளாஸ்டிக் குமிழ். மிதி மேலே வரும்போது அந்தக் குமிழ் சுவிட்சை அழுத்தி விளக்கை அணைக்க வேண்டும். வெயிலில் வெந்து அதில் பாதி உதிர்ந்துவிட்டது. மெதுவாக மிதித்தால் மீதிப் பாதி வேலை செய்தது. ஓங்கி மிதித்தால் சில சமயம் அது விலகிக்கொண்டு, சுவிட்சின் முனை ஓட்டைக்குள் போனது, விளக்கு எரிந்தது.

தன் கடை முற்றம் சமதரை என்பது லைசானிக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே யாரும் பிரேக்கை ஓங்கி மிதிப்பதில்லை.

"ஒன் வண்டியத்தாண்ணே பாத்தேன்" என்றாள். "நீ அத நிறுத்துறதப் பாக்கல. பாக்காமலே நிம்மதியாப் போன்னு சொல்லிட்டேன்."

தோர்சாமி சரோஜிடம் இன்னும் நாலு பஜியா கொண்டுவரச் சொன்னார்.

உதிர்ந்த குமிழை வழித்தெடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் தட்டைத் தலை போல்ட் ஒன்றைச் செருகி நட்டு முடுக்கினாள். பிறகு அவரை உட்கார வைத்து இருபது முறை ஓங்கி மிதிக்கச் சொன்னாள். அவருக்குக் கால் வலித்தது. இருபது முறையும் அவள் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இது நடந்து எட்டு மாதமாகிறது. தோர்சாமியின் வண்டி ஒரு விடிகாலைகூடப் படுக்கவில்லை. மோசேசே கால் வீக்கம் வடிந்து, பின்சீட்டில் உட்கார்ந்து மற்ற இருவருக்கும் இலக்கணம் நடத்திக்கொண்டு போகிறார். லைசானி இப்போதெல்லாம் வண்டி படுக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்கிறாள். பஜியா கிடைக்கும் வீடுகளுக்கு முதலில் போகிறாள் என்று சந்தையில் பேச்சு. சொன்னால், "ஆமா, போறேன்" என்று சிரிக்கிறாள்.

கடை திறப்பது எட்டு மணிக்குத்தான். ஆனாலும் திங்கள், புதன், வெள்ளி என்றால் விடிகிற நேரத்துக்கே வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறாள். தோர்சாமியின் டாக்ஸி அந்த வழியாகப் போகிறது. அவர் ஹாரன் அடிக்கிறார், மோசேசே கை காட்டுகிறார். அவள் அவர்களைப் பார்ப்பதில்லை. சந்தைக்கு எதிரே வேகத்தடை. அங்கே பின்விளக்கு பளிச்சென்று சிவக்கிறது; வண்டி ஏறி இறங்குகிறது. தலையில் இருக்கும் கண்ணாடியை மூக்கில் இறக்கி, அந்தச் சிவப்பு அணைகிறதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் சாவியை எடுக்கிறாள்.