ஜமுக்காளத்தின் நடுவில் ஒருவர்

எங்கள் ஆசிரியர் சங்க விழாவுக்கான பேனரை வாங்க இன்று தக்கலை பிளக்ஸ் கடைக்குப் போயிருந்தேன்.

அதில் இருப்பது 1930களில் எடுத்த சங்கத்தின் முதல் குரூப் போட்டோ. அசல் படத்தில் எல்லோரும் ஜமுக்காளத்தில் நிற்பார்கள். ஒரு வாத்தியாரை மட்டும் சாதி பார்த்து வெளியே மண்ணில் நிறுத்தியிருப்பார்கள். ஜமுக்காளத்தில் பட்டுவிடக் கூடாதென்று அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பேனரில் அவர் நடுவில் நிற்கிறார்.

“செயலாளர் சார்தான் மாத்தச் சொன்னாவ,” என்றாள் கடைப் பெண்.

செயலாளருக்குப் போன் போட்டேன்.

“காலம் மாறிட்டுல்லா சார். பழைய படத்தப் பாத்தா நம்ம சங்கத்த என்ன நெனைப்பாவ?”

பேனரை வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தேன். ஜமுக்காளத்தின் நடுவில் நின்றுகொண்டு அவர் இன்னும் குனிந்து காலையே பார்க்கிறார். உடனே சுருட்டிவிட்டேன்.

நாளை மேடையில் கட்ட வேண்டும். இனி நிமிரலாம் என்று அவரிடம் யார் சொல்வது, செயலாளரா, நானா?