ஹவுகெட்டோவில் நான் நடத்திய விசாரணை

மூன்று வருடங்களுக்கு முன், பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒஸ்லோவின் தெற்குப் பக்கமுள்ள ஹவுகெட்டோவில் ஒரு வீட்டு வரவேற்பறையில் நடந்தது இது.

எனக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு உண்டு. அமெரிக்காவின் ஆரம்பகாலப் போர்களில் அதிகாரிகள் கையெழுத்திட்ட பத்திரங்களைச் சேர்க்கிறேன். பெரிய தளபதிகளுடையவை என் கைக்கு எட்டாதவை. சிப்பாய்க்குச் சப்பாத்துக் கொடுத்த சீட்டு, அவனைப் படையிலிருந்து விடுவித்த பத்திரம், இப்படியானவைதான். ஏன் அமெரிக்கா என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. "நீ இனி வீட்டுக்குப் போகலாம்" என்று யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நன்றாக ஏமாந்தவன் நான். ஆசையாகச் சட்டம் போட்டு மாட்டிய பத்திரம் ஒன்று, நினைவுப்பொருள் கடையில் விற்கும் அச்சுப்பிரதி என்று பிறகுதான் தெரிந்தது. தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழசாக்கியிருந்தார்கள். அதன் பின் எதைப் பார்த்தாலும், யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

இணையத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டபோதும் அப்படித்தான். பிரித்தானியாவோடு நடந்த 1812ஆம் ஆண்டுப் போரில் இருந்த ஒரு சிப்பாயின் விடுவிப்புப் பத்திரம், அதிகாரியின் கையெழுத்தோடு. விலை மிகக் குறைவு. இவ்வளவு மலிவாக யார் விற்பார்கள்?

மனைவியும் நானும் ஒஸ்லோ நகரின் குறொன்லாண்ட் கடைகளில் சாமான் வாங்கிவிட்டு, விற்பவரின் வீட்டுக்குப் போக ரயிலில் வந்து ஹவுகெட்டோவில் இறங்கினோம். மனைவியின் கையில் உறைந்த மீன் இருந்தது. "கெதியா முடியுங்கோ, மீன் இளகிப்போம்" என்றாள்.

கதவைத் திறந்தவர் எண்பது வயது தாண்டிய நோர்வே நாட்டுப் பெண்மணி. கோப்பி தந்தார். தடித்த நிலப்படப் புத்தகம் ஒன்றுக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்தார். கப்பலில் வேலை செய்த கணவர், அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியதாம்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தாள் சரி. மையும் தாளுக்குள் ஊறியிருந்தது. நல்ல அறிகுறிகள்தான். ஆனால் எனக்கோ, "இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்கிறார்களே" என்றுதான் தோன்றியது. திருப்பினேன். சிப்பாயின் பெயர் முன்பக்கத்தில் ஒரு மாதிரியும் பின்பக்கத்தில் ஓரெழுத்து மாறியும் இருந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கேள்விகளைத் தொடங்கினேன். எந்தக் கடை? ரசீது எங்கே? எப்போது வாங்கினார்? கலியாணத்துக்கு முன் என்றார். கொஞ்சம் யோசித்து, இல்லை, பிறகாக இருக்கலாம் என்றார். "முன்பா, பின்பா? இரண்டில் எது உண்மை?" என்று குரலை உயர்த்தினேன். அவர் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டார்.

மனைவி தமிழில் சொன்னாள்.

"போதும், விடுங்கோ. உந்தக் கேள்வியெல்லாம் விசாக்காரர் என்னட்டையும் கேட்டவை. உதே மாதிரித்தான். நான் மேசைக்கு இஞ்சாலை, பதில் சொல்லுற பக்கம் இருந்தனான்."

அவள் இலங்கையில் மன்னாரிலிருந்து நோர்வேக்கு என்னிடம் வருவதற்கு விசாவுக்கு விண்ணப்பித்தபோது, பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் அவளுடைய பெயரில் ஓரெழுத்து வித்தியாசம். அத்தோடு எங்கள் கலியாணத்தன்று யார் முதலில் வந்தார்கள் என்ற கேள்விக்கு இரண்டு தரம் இரண்டு பதில் சொல்லிவிட்டாள். அதனால் இரண்டு வருடம் ஆளுக்கொரு நாட்டில் இருந்தோம். அவளை விசாரித்த விசா அதிகாரியை நான் திட்டாத திட்டில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். மனைவி எல்லாவற்றையும் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் பத்திரத்தைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

"இதை உங்களுக்கு விற்க எனக்கு மனமில்லை" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். மனைவியின் கையை மட்டும் பிடித்து விடைகொடுத்தார்.

மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மனைவி இளகிப்போன மீனை வெட்டத் தொடங்கினாள்.

அமெரிக்காவில் நீண்டகாலமாக இவற்றைச் சேர்க்கும் ஒருவருக்கு அன்றே எழுதிக் கேட்டேன். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதிய காலம் அது, ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக வருவது சாதாரணம் என்று பதில் வந்தது. "இரண்டு பக்கமும் எழுத்து ஒத்திருக்கும்படி கவனமாகப் பார்த்து எழுதுகிறவன் போலி செய்கிறவன்தான்" என்றும் எழுதியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாசலில் நின்றபடியே கேட்டுத் தலையசைத்தார். பத்திரத்தை வேறொருவர் வாங்கிப் போய்விட்டாராம். "உங்கள் மனைவி சுகமா? அடுத்த முறை அவரைக் கூட்டி வாருங்கள்" என்றார். சொல்லிவிட்டுக் கதவை மூடினார்.

சந்தேகப்படுவதை நான் இன்னும் விடவில்லை, விட்டால் வீடு முழுக்கப் போலிதான் நிறையும். ஆனால் சந்தேகத்தைத் தாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதை நீட்டுகிறவரின் முகத்துக்கு ஏற்றக்கூடாது என்பதை, ஒருகாலத்தில் அதே வேதனையை அனுபவித்த நானே மறந்துபோனேன் என்ற வெட்கம் மட்டும் இன்றுவரை போகவில்லை.