லேபிள் இல்லாத விதை

சேரப்பணஞ்சேரியில் எங்கள் நிலத்தில் களை பறிக்க ஆள் கிடைக்காமல் போனதற்கு நானும் ஒரு காரணம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் கம்பெனி பஸ் ஏறிவிட்டோம். எனக்கு ஒரகடத்தில் கார் பாகங்களைச் சரிபார்க்கும் வேலை. வீட்டுக்காரர் தனியாளாகக் கோரையோடு மல்லுக்கட்டினார்.

அப்போதுதான் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் ஒருவர் வெள்ளைப் பையில் விதைநெல் கொண்டுவந்தார். பைமேல் ஓர் எழுத்துகூட இல்லை.

"மரபணு மாத்துன நெல்லு அண்ணி. எந்தக் களைக்கொல்லி அடிச்சாலும் களைதான் சாவும், பயிரு அப்படியே நிக்கும்."

"பில்லு குடுப்பீங்களா?"

"கவர்மென்ட்டு இன்னும் பர்மிஷனே தரல. பில்லுக்கு எங்க போறது?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போனதும், "அனுமதி இல்லாதது நமக்கு இன்னாத்துக்கு?" என்றேன்.

"அப்போ நீ வந்து குனிஞ்சு களை பறிக்கிறியா?" என்றார் வீட்டுக்காரர். ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றேன்; அதற்கு ஒப்புக்கொண்டார்.

அந்தப் பாத்தியின் ஒரு பாதியில் யாரிடமும் சொல்லாமல் எங்கள் வீட்டு நெல்லையே விதைத்தேன். கம்பெனியிலும் புதிதாக வரும் பொருளைத் தெரிந்த பொருளின் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்போம்.

பயிர் எழும்பியதும் சிநேகிதரே மருந்தோடு வந்து அடித்தார். பாட்டிலின் லேபிள் கிழிக்கப்பட்டிருந்தது. சில நாளில் களை கருகியது. பாத்தி முழுக்க நெல் பசேலென்று நின்றது. வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அந்தப் பக்கம் நிக்கிறது நம்ம நெல்லு" என்றேன்.

குனிந்து பார்த்தார். நெல்லை விட்டுவிட்டுக் களையை மட்டும் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. படப்பைக் கடைத்தெருவுக்குப் போய், வரப்புப் புல்லுக்கு அடிக்கிற மருந்தை வாங்கிவந்தார். பச்சையாக இருப்பதையெல்லாம் அது கொன்றுவிடும். சிநேகிதரின் விதை முளைத்த பாதியில் அடித்தார். அத்தனையும் வைக்கோலாகிவிட்டது.

போனில் கேட்டதற்கு, "உங்க தண்ணி சரியில்ல" என்றார் சிநேகிதர். அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை.

அடுத்து வந்த லீவு நாளில் நானும் சேற்றில் இறங்கினேன். களை பறித்துக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார்: "நெசமாவே அப்படி ஒரு விதை வந்தா?"

"பயிரு தாங்கும். அடிக்கிற மருந்தெல்லாம் எங்க போவும்? நம்ம கெணத்துக்குத்தானே?"

அவர் அடுத்த கோரையைப் பிடுங்கினார்.