ஒரே பேஸில் மொத்த ஆபீஸும்

இராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் மின் பராமரிப்பு வேலை பார்த்தேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்தவள் நான். அந்தப் படிப்பை மதித்து அங்கே யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ட்யூப்லைட் எரியாவிட்டால் மட்டும் என் ஞாபகம் வரும்.

மேனேஜர், முதலாளியின் மச்சினன். காமர்ஸ் படித்தவர். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் ஒருமுறை ஃபியூஸ் போட்டாராம். அன்றிலிருந்து மின்சாரம் அவருக்குக் கட்டுப்பட்டது. பின்பக்கத்து ஷெட்டில் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. அதை ஓட்டியவர் பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஜினை அவர் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் நிற்கும் கண்ட்ரோல் பேனல் என் பொறுப்பு. என் பொறுப்பு என்பது பேச்சுக்குத்தான். ஆபீஸில் புதிதாக ஒரு ஏசி வாங்கினால், வெளியே இருந்து யாராவது வந்து, பேனலில் கைக்கு எட்டுகிற கம்பியில் மாட்டிவிட்டுப் போவான். கைக்கு முதலில் எட்டுவது சிவப்பு. ஆக, எல்லாம் சிவப்பில்.

ஜெனரேட்டரிலிருந்து வருவது மூன்று பேஸ், அதாவது மூன்று தனித்தனி மின்வழிகள்: சிவப்பு, மஞ்சள், நீலம். சுமையை மூன்றுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கு வைக்க வேண்டும். எங்கள் பேனலிலோ மேனேஜர் அறை ஏசி, முதலாளி அறை ஏசி, விருந்தினர் அறை ஏசி, வாசலில் வைத்த நீரூற்றின் மோட்டார், சாமி படத்துக்குச் சீரியல் செட், எல்லாவற்றையும் சிவப்பு ஒன்றே சுமந்தது. மஞ்சளில் பிளாண்டு விளக்குகள், நீலத்தில் நாலு ஃபேன். டாங் டெஸ்டரைக் கம்பியில் மாட்டி, எதில் எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று அளந்து, தாளில் எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன்.

அவர் தாளைத் தொடவே இல்லை. "ஏம்மா, கரண்டு எல்லாம் ஒரே கரண்டுதான? எதுல குடுத்தா என்ன? மெசின் சின்னது. பெருசு வாங்கப் போறேன், டீலர்ட்ட பேசியாச்சு."

"மெசின் போதும் சார். பங்கு சரியில்ல, அம்புட்டுதான்."

"நீ லைட்ட மட்டும் பாரு."

லைட்டை மட்டும் பார்த்தேன். வெளியே வந்து ஆப்பரேட்டரிடம் சொன்னபோது அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "அவிய சொன்னா சொல்லிட்டுப் போறாவ தாயி. ட்ரிப்பாகும்போது தெரியும்."

தெரியவேண்டிய நாள் சீக்கிரமே வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சரக்கு வாங்குகிறவர்கள் மூன்று பேர் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். அன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்தே மின்தடை. முன்பே பேப்பரில் வந்த சேதிதான். வேறு நாள் வைக்கலாமே என்றதற்கு, "ஜெனரேட்டர் எதுக்கு இருக்கு?" என்று மேனேஜர் என்னைத் திருப்பிக் கேட்டிருந்தார். விருந்தாளிகளுக்காக மூன்று ஏசியையும் போட்டு, நீரூற்றையும் ஓடவிட்டார். பிளாண்டுக்குள் ஸ்டெரிலைசர் ஓடிக்கொண்டிருந்தது. துணிக்கட்டுகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் பெரிய இரும்புப் பெட்டி அது. நடுவில் நின்றால் அந்தச் சரக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

பத்து நிமிடம். பேனலில், சுமை மீறினால் கரண்டைத் தானாக அறுத்துவிடும் பிரேக்கர் டப்பென்று விழுந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருக்க, கம்பெனி முழுக்க இருட்டு. ஆப்பரேட்டர் பிரேக்கரைத் தூக்கிப் போட்டார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்ததும் என்னைக் கூப்பிட்டார். "தாயி, போட்டா அஞ்சு நிமிசம்கூட நிக்க மாட்டேங்கு."

பின்னாலேயே மேனேஜர் ஓடி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அதுல ஒரு திருகு இருக்கும்லா, செட்டிங்கு? அதக் கூட்டி வையி! விழவே கூடாது."

பிரேக்கர் விழுவதால்தான் ஜெனரேட்டருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகாமல் இருக்கிறது என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தெரியாததை அவ்வளவு சத்தமாகச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும், அது அவரிடம் ஏராளமாக இருந்தது.

"கூட்ட மாட்டேன் சார். இன்ஜின அமத்துங்கண்ணே" என்றேன் ஆப்பரேட்டரிடம். அவர் மேனேஜரின் முகத்தைப் பார்க்காமலே அமர்த்தினார்.

"அமத்தவா சொன்னேன்? உள்ள ஆளுக வேர்த்துப்போய் உக்காந்திருக்காக!"

"செத்த நேரம் உக்காரட்டும்."

மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டி, சாவியைச் சுடிதார் பைக்குள் போட்டுக்கொண்டேன். கம்பியில் கரண்டு இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, முதலாளி அறை ஏசியைக் கழற்றி நீலத்திலும் விருந்தினர் அறை ஏசியை மஞ்சளிலும் மாட்டினேன். நீரூற்றை நீலத்துக்கு மாற்றினேன். ஸ்க்ரூடிரைவரும் கால் மணி நேரமும் போதுமாக இருந்த வேலை. அத்தனை நேரமும் மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று, புது ஜெனரேட்டரின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்.

இன்ஜினைக் கிளப்பி பிரேக்கரைப் போட்டோம். இந்தத் தடவை விழாமல் நின்றது. ஏசி, நீரூற்று, சாமி படத்து லைட் எல்லாமே ஓடின. ஸ்டெரிலைசரில் பாதியில் நின்ற சரக்கை மட்டும் பெண்கள் திரும்ப முதலிலிருந்து போட்டார்கள்; சாப்பாட்டு நேரம் போய்விட்டது என்று அவர்கள் என்னைத்தான் திட்டினார்கள்.

விருந்தாளிகளில் ஒருவர் ஷெட்டுக்கு வந்து, பேனலில் இருந்த மூன்று மீட்டர் முள்ளையும் குனிந்து பார்த்தார். "இப்ப பேலன்ஸ் நல்லா இருக்கே. என்ன பிராப்ளம்?"

"சாப்ட்வேர் பிராப்ளம் சார்" என்றார் மேனேஜர். "நம்ம டீம் சரி பண்ணிட்டாங்க."

டீம் அவருக்கு இரண்டடி தள்ளி, கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றுகொண்டிருந்தது. வந்தவர் அந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேனேஜருக்குக் கை கொடுத்தார். அவர்மீதும் எனக்கு மரியாதை வரவில்லை.

ஆர்டர் கிடைத்தது. இரண்டு மாதத்தில் பெரிய ஜெனரேட்டரும் வந்தது, தொடுதிரை வைத்த பேனலோடு. அதற்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மேனேஜர் தன் விரலாலேயே திரையைத் தொட்டுத் தொடங்கி வைத்தார். அடுத்த வாரம் கான்பரன்ஸ் அறைக்கு ஏசி மாட்ட ஒருவன் வந்தான். எதில் மாட்டினான் என்று போய்ப் பார்த்தேன்: சிவப்பில். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டு நின்றுகொண்டேன். "ஏம்மா, கல்யாணமா?" என்றுதான் மேனேஜர் கேட்டார். எனக்கு அப்போது மகள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில், கல்யாண மண்டபங்களின் ஜெனரேட்டர் பேனல்களுக்குச் சொந்தமாக சர்வீஸ் செய்கிறேன். மண்டபக்காரர்களும் அதே ரகம்தான். மேடைக்கு நாற்பது விளக்கு, சமையல்கட்டுக்கு ஒன்று. ஆனால் இங்கே பேனல் கதவைத் திறப்பது நான் ஒருத்திதான்.