இடப்பக்கத்துப் பழைய நுரையீரல்

கார்களுக்கு வண்ணம் அடிப்பவர் அவர். பட்டறையில் எல்லோருக்கும் ‘பெயின்டர்’தான், கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஸ்பிரே புகையும் சிகரெட்டும் சேர்ந்து அவருடைய இரண்டு நுரையீரல்களையும் தொளதொளவென்று ஆக்கிவிட்டன. உள்ளே போன காற்று வெளியே வர மறுத்தது. எம்பிசிமா என்றார்கள். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் உட்கார்ந்துவிடுவார். கடைசியில், முகம் தெரியாத ஒருவரின் வலது நுரையீரல் அவருக்குக் கிடைத்தது. இடப்பக்கத்தில் பழையதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

கண் விழித்தபோது, நீருக்கடியிலிருந்து மெல்ல மேலே வந்ததுபோல் இருந்தது. ஜன்னல் திரை உப்புவதும் தணிவதுமாக இருந்தது. திரை மூச்சு விடுகிறதா, தான் விடுகிறோமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அதன்பின் நல்ல காலம்தான். மதியத் தூக்கம் பாதி கலையும்போது, தனக்குள் இரண்டு பேர் படுத்திருப்பதுபோல் தோன்றும். வலப்பக்கத்து ஆள் லேசாக வந்து லேசாகப் போவார். இடப்பக்கத்து ஆளுக்கு எதிலும் அவசரமே கிடையாது.

ஒருநாள் மாடிப்படியில் பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“மூச்சு வாங்குதா?” என்றாள் மனைவி.

“இல்லையே.”

“பொய் சொன்னா உங்க காது சிவக்கும்.”

கொடுத்த உறுப்பை உடம்பு தள்ளிவிடுகிறதோ என்ற பயம் அவரைத் தின்றது. “கொடுத்தவங்க வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?” என்று மெல்லக் கேட்டார். மறுநாளே அவள் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டினார். “புதுசு நல்லா இருக்குங்க. பழசுதான் காத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு வீங்கிப் போயிருக்கு. இதயத்தையும் புதுசையும் ஓரமா நெருக்குது.”

“என் கொழுந்தன் மாதிரி. வந்தா வீடு பூரா காலை நீட்டிப் படுத்துக்குவான்,” என்றாள் மனைவி.

“என் தம்பியை ஏன்டி இழுக்கறே?” என்று சிரித்தவருக்கு இருமல் வந்துவிட்டது.

பழைய நுரையீரலின் வீங்கிய பகுதியை வெட்டி எடுப்பதாக முடிவானது. அவருக்கு ஏனோ மனசு கனத்தது.

“அதுவும் என்னோடதுதானே? புகையை ஊதினது நான். அது என்ன பண்ணும், பாவம்.”

“முழுசாவா எடுக்கறாங்க? கொஞ்சம் ஒதுங்கி உக்காரச் சொல்றாங்க, அவ்வளவுதான்.”

மயக்க மருந்து ஏறியதும் வண்ணம் அடிக்கும் அறை வந்தது. நீலமாய் ஒரு மூட்டம், வாசனையே இல்லாமல். அதற்கு அப்பால் யாரோ ஒருவர் நின்றிருந்தார். முகம் தெரியவில்லை. இருவரும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மூட்டம் யாருடைய நெஞ்சையும் அடைக்கவில்லை.

விழித்தபோது விலாவில் குழாய். அதன் அடியில் இருந்த பெட்டித் தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. வெட்டிய இடத்தில் காற்றுக் கசிகிறது, தானாக ஆறும் என்றார் டாக்டரம்மா. அது சொன்னதைவிட நாள் பிடித்தது. குமிழிகளைப் பார்த்தபடியே கண் அயர்வார். விழித்தால் மறுபடி அவைதான். ஒரு காலையில் தண்ணீர் அசையாமல் இருந்தது. மனைவி அதையே உற்றுப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பழைய தெம்பு முழுதாகத் திரும்பவில்லை. ஸ்பிரேயைத் தொடவும் அனுமதியில்லை. ஆனாலும் ரயில் பாதைக்கு மேலிருக்கும் நடைபாலத்தில் மெதுவாக ஏறிவிடுவார். ஒரு சாயங்காலம் பாதிப் படியில் மனைவி நின்றுவிட்டாள்.

“என்ன, நின்னுட்டே?”

“உங்களுக்காகத்தான்.”

“எனக்கு மூச்சு ஒண்ணும் வாங்கலையே!”

அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. கீழே ரயில் போய் முடியும்வரை அவர் அவளுக்காகக் காத்து நின்றார்.