மாப்பிள்ளைக்கு ஸ்டாண்டு பார்க்கப் போனது

இரும்பைப் பற்றி எனக்குப் பாடம் நடத்த இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. ஆனால் எங்கள் வட்டாரத்தில் பாதி வீட்டு ஜன்னல் கம்பியும் கேட்டும் என் பட்டறையில் பற்றவைத்தவை. குழாயை விரலால் சுண்டினால் போதும், உள்ளே துரு ஏறியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். நானே சொல்லாவிட்டால் இதையெல்லாம் யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல. என் தங்கை புருஷனைப் பற்றி.

அவரை எல்லோரும் அரைப்பெடல் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் சீட்டுக்குக் கால் எட்டாமல் அரைப்பெடல் போட்டே ஊரைச் சுற்றினாராம். வளர்ந்து ஆளானபிறகும் பெயர் வளரவில்லை. சோப்புக் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலை. வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால், வீட்டுப் பக்கத்துச் சந்தில் சைக்கிள் வேலை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, கோணிமேல் குந்தி உட்கார்ந்துவிட்டால் மனிதர் சாப்பாட்டையே மறந்துவிடுவார். அதிலும் சக்கரத்தில் கோட்டம் எடுப்பதில் மன்னன். ரிம் பக்கத்தில் ஒரு ஆணியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிடுவார். எந்த இடத்தில் ஆணி உரசுகிறதோ அந்தக் கம்பியை மட்டும் ஒரு முறுக்கு. எனக்கே பொறாமையாக இருக்கும். வெளியே காட்டிக்கொண்டதில்லை.

போன வருஷம் கம்பெனியிலேயே வாய் கோணி விழுந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது, பேச்சும் திரும்பியது. இடது கைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. இடது காலும் கொஞ்சம் இழுக்கும். கம்பெனிக்காரர்கள் மாலை போடாத குறையாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஜனங்கள் மட்டும் பழக்க தோஷத்தில் சைக்கிளைக் கொண்டுவந்து சந்தில் சாத்திவிட்டுப் போனார்கள். இவரால் குந்த முடியாது. குந்தினால் எழ முடியாது. சைக்கிள்கள் காற்றிறங்கி நின்றன.

ஒருநாள் போன் பண்ணினார். "மச்சான், ஒரு வீடியோ பாத்தேன். வீட்டுலயே வெச்சுக்கிற ஸ்டாண்டு. சைக்கிளை நெஞ்சு உசரத்துக்குத் தொங்கவிட்டிருக்கான். நின்ன வாக்குல வேலை பாக்கறான். ஒரு விரலால சுத்தறான் மச்சான், ஒரே விரலால!"

"இதுக்கு எதுக்குக் கடைக்குப் போறீங்க? அரைநாள்ல நானே அடிச்சுத் தர்றேன்."

"உங்க பட்டறையில செஞ்சா அதுவும் கேட்டு மாதிரிதான் இருக்கும். பூட்டு மட்டும்தான் பாக்கி."

விழுந்தபிறகு அவர் கிண்டலடித்தது அன்றைக்குத்தான். சரி, தொலையட்டும் என்று கிளம்பினேன். தங்கையும் கூட வந்தாள். ஆட்டோவில் என் காதோரம், "இது மட்டும் சரியா அமைஞ்சுதுன்னா மனுஷன் பொழச்சுக்குவாருண்ணே. நாளெல்லாம் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றாள். அவளுக்கே வயிற்றில் ஆபரேஷன் நடந்து தையல் காய்ந்து அதிக நாளாகவில்லை. தண்ணீர் வாளி கூடத் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

கடையில் ஸ்டாண்டு நின்றது. நான் காலைப் பார்த்தேன், மூட்டைப் பார்த்தேன், பற்றவைத்த இடத்தைத் தடவினேன். பொய் சொல்லக் கூடாது, நல்ல வேலை. கடைக்காரர் ஒரு சைக்கிளை அலாக்காகத் தூக்கி, சீட்டுக் குழாயைக் கவ்வியில் கொடுத்து இறுக்கினார். சைக்கிள் அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை கிட்டே போனார். வலது கையால் பெடலை ஒரு சுற்று சுற்றி, சக்கரத்தோரம் கண்ணை வைத்தார். "பின்னாடி லேசா கோட்டம் இருக்கு" என்றார். கடைக்காரர், "புது சைக்கிளுங்க அது" என்றார். "புது கோட்டம்" என்றார் இவர். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாங்கியாயிற்று என்றே நினைத்துப் பைக்குள் கைவிட்டேன்.

"இறக்குங்க. நானே மாட்டிப் பாக்கறேன்" என்றார்.

சைக்கிள் எப்படி மேலே ஏறியது என்பதை அந்த வீடியோவில் காட்டவில்லை.

வலது கையால் சைக்கிள் பாரைப் பிடித்துத் தூக்கினார். தூக்கிவிட்டார். கவ்வியைத் திறந்து குழாயை உள்ளே கொடுத்து இறுக்க இன்னொரு கை வேண்டும். இடது கையை நீட்டினார். அது போய்க் கவ்வியின்மேல் விழுந்து, அங்கேயே கிடந்தது. முன்சக்கரம் திரும்பி அவர் முழங்காலில் இடித்தது. கடைக்காரர் பிடிக்க வந்தார். "விடுங்க" என்று ஒரு அதட்டல். மறுபடி தூக்கினார். மறுபடி அதே கதை. மூன்றாவது முறை சைக்கிள் அவரையும் இழுத்துக்கொண்டு சாயப்போனது.

நான் நகர்வதற்குள் தங்கை ஓடிவந்து அடியில் தோளைக் கொடுத்துவிட்டாள். முக்கித் தூக்கிக் குழாயைக் கவ்விக்குள் தள்ளி, கைப்பிடியை இறுக்கினாள். "அவ்வளவுதானே? நான் தூக்கித் தர்றேன், நீங்க வேலையைப் பாருங்க. இதுக்குப் போயி..." என்று சிரித்தாள். மூச்சு வாங்கியது. ஒரு கை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஸ்டாண்டைப் பிடித்து உலுக்கினார்.

"ஆடுது. வேணாம்."

"ஆடாதுங்களே! ரெண்டு சைக்கிள் மாட்டினாலும் அசையாது" என்றார் கடைக்காரர்.

"ஆடுதுய்யா. மச்சான், நீங்க சொல்லுங்க."

அந்த ஸ்டாண்டு மலை மாதிரி நின்றது. யானையைக் கட்டலாம். மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடத்தான் செய்யுது" என்றேன். சொன்னால் அரைகுறையாகச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. "மூட்டுல வெல்டிங்கே ஏறலை. தகரத்தை இரும்புன்னு விக்கிறீங்களா? யார்கிட்ட? நான் யாரு தெரியுமா?"

"யாரா இருந்தா எனக்கென்ன? பெரியவரே, முதல்ல கண்ணாடியை மாத்துங்க."

என் வாழ்நாளில் இரும்பு விஷயத்தில் ஒருத்தன் என்னை அப்படிப் பேசி நான் சும்மா வந்ததில்லை. அன்றைக்கு வந்தேன்.

வெளியே நின்று, "கொண்டு வர்றவனே தூக்கி மாட்டிட்டுப் போகட்டுமே மாப்பிள்ளை" என்றேன்.

"ஒரு பக்கம் முடிச்சா திருப்பணும். இறக்கி ஓட்டிப் பாக்கணும். மறுபடி ஏத்தணும். தடவைக்குத் தடவை தெருவுல நின்னு ஆள் கூப்பிடவா? ஆளை எங்க தேடுவேன்? இவதான் ஓடி வருவா." இடது கையைப் பார்த்துக்கொண்டே, "கை வந்துரும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் மச்சான்" என்றார்.

தங்கை என்னைத் தனியே இழுத்தாள். "நெசமாவே ஆடுச்சாண்ணே?"

"ஆடுச்சு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு என்ன தெரியும் இரும்பைப் பத்தி" என்று எரிந்து விழுந்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

மறுநாள் சைக்கிள்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டார். ஒவ்வொருத்தராக வந்து, பழுது பார்க்காத சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். நானும் அங்கே இருந்தேன். கடைசியாக வந்தவன் வாய்த்துடுக்குக்காரன். "என்ன அரைப்பெடல், கடையை இழுத்து மூடிட்டியா?" என்றான்.

"மூடலைடா. நல்ல ஸ்டாண்டா கிடைக்கல. கிடைச்சதும் சொல்றேன், கொண்டா."

அவன் நம்பாமல் என் பக்கம் திரும்பினான். ஊரில் இரும்பு என்றால் என் வார்த்தைதானே.

"இப்ப வர்றதெல்லாம் ஆட்டம்டா" என்றேன். "ஒண்ணுகூட நிக்காது."

அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். பின்சக்கரம் மட்கார்டில் உரசி உரசிச் சத்தம் போட்டது. மாப்பிள்ளை வாசலில் நின்று, அது தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கமாக உட்கார்ந்தார்.